ஒரே பேப்பர், ஒரே காலை, இரண்டு கட்சி: பிரிட்டிஷ் பத்திரிகைகளை எப்படித்தான் நம்புவது?

கடைக்கார_அண்ணை (ஹாரோ), காலை 6.50

நான் ஹாரோவில் சின்னக் கடை வைத்திருப்பவன். காலை நாலேமுக்காலுக்குக் கதவடியில் பேப்பர் கட்டுகள் கிடக்கும். பிளாஸ்டிக் பட்டியைக் கத்தியால் அறுத்துத் தட்டில் அடுக்கும்போது, வேண்டாம் என்றாலும் எல்லா முதல் பக்கமும் கண்ணில் படும். இருபது வருடத்துக்கு மேலாக என் அரசியல் படிப்பு இதுதான், அதனால் பெரிய படிப்பாளிகள் கோபிக்க வேண்டாம்.

2015 ஏப்ரல் 30. தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம். என் தட்டில் சன் பத்திரிகை. பிரதமர் டேவிட் கேமரூனின் தலையைத் துணியில் சுற்றிய கைக்குழந்தை மேல் ஒட்டி, 'இட்ஸ் எ டோரி' என்று தலைப்பு. அரண்மனையில் இளவரசி சார்லட் பிறக்கப்போகிற நேரம், அதை வைத்து விளையாட்டு. உள்ளே என்னவென்றால், கேமரூனின் டோரி கட்சிக்கு (கன்சர்வேட்டிவ்) போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சியான எஸ்.என்.பி. நாட்டையே ஆட்டிவைக்கும் என்கிறது. சரி, சன் எப்போதும் இப்படித்தான் என்று அடுக்கிவிட்டேன். மத்தியானம் கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கிற மச்சான் போன் எடுத்துச் சிரிக்கிறான். அவன் தட்டிலும் சன்தான், ஸ்காட்லாந்துப் பதிப்பு. முதல் பக்கத்தில் எஸ்.என்.பி. தலைவி நிக்கோலா ஸ்டர்ஜன், ஸ்டார் வார்ஸ் இளவரசி வேடம், கையில் ஒளிவாள். எஸ்.என்.பி.க்கே வாக்குப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள்!

ஒரே முதலாளி, ஒரே காலை. இங்கே பூதம், அங்கே இளவரசி. நான் கேட்பது இதுதான்: இதற்குப் பக்கச்சார்பு என்று பெயரா, வியாபாரம் என்று பெயரா?

சேலத்துக்காரன் (லெஸ்டர்), காலை 8.15

வியாபாரம்தான் அண்ணே, இதில் என்ன சந்தேகம். மிரர், எக்ஸ்பிரஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மிரர் லேபருக்கு, எக்ஸ்பிரஸ் பிரெக்ஸிட்டுக்கும் டோரிக்கும். 2018 முதல் இரண்டுமே ஒரே கம்பெனி, ரீச். ஒரு கையில் அடி, மறு கையில் தடவல், இரண்டுக்கும் காசு ஒரே கல்லாவில்.

சன் ஒரு காற்றுச்சேவல். 1979-ல் தாட்சர், 1997-ல் பிளேர், 2009-ல் கார்டன் பிரவுன் கட்சி மாநாட்டில் பேசி முடித்த அன்று இரவே 'லேபர் போச்சு' என்று கேமரூன் பக்கம் தாவல், 2024-ல் வாக்களிப்புக்கு முதல் நாள் மறுபடி லேபர். அந்த கடைசித் தாவலைப் பாருங்கள், மாதக்கணக்கில் கருத்துக்கணிப்பு எல்லாவற்றிலும் ஸ்டார்மர் எங்கேயோ முன்னால் போய்விட்டார், தெருவில் போகிற நாய்க்குக்கூட முடிவு தெரியும். அப்புறம்தான் கால்பந்து பாணியில் 'புது மேனேஜர் வேண்டும்' என்று முதல் பக்கம் போட்டார்கள். ஜெயிக்கிற குதிரை மேல் பந்தயம் முடிகிற நேரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான்தான் ஓட்டினேன் என்பது. பேப்பர் யாரையும் ஜெயிக்கவைப்பதில்லை என்பது என் கட்சி.

பழையபேப்பர் (ஈஸ்ட் ஹாம்), காலை 10.40

சேலத்தாரே, அவ்வளவு சுலபமாக விடமாட்டேன்.

குதிரை ஓடுவதற்கு முன்னால் அதன் காலைத் தட்டிவிடுகிற வேலையும் உண்டு. 1924 அக்டோபர் 25, தேர்தலுக்கு நாலே நாள். டெய்லி மெயில் ஒரு கடிதத்தைப் போடுகிறது. மாஸ்கோவில் இருந்து சோவியத் தலைவர்களில் ஒருவரான சினோவியேவ் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட்களுக்கு எழுதியதாம், புரட்சிக்குத் தயாராகச் சொல்லி. ராம்சே மெக்டொனால்டின் முதல் லேபர் ஆட்சிக்கு அதோடு சரி. போலிக் கடிதம் என்பதுதான் இன்று வரலாற்றாசிரியர்கள் ஏறக்குறைய எல்லோருடைய முடிவும். 1999-ல் வெளியுறவு அலுவலகத்தின் சொந்த வரலாற்றாளரே ஆராய்ந்து எழுதினார்.

அப்புறம் ஒன்று. 'கிரைசிஸ்? வாட் கிரைசிஸ்?' என்று லேபர் பிரதமர் ஜேம்ஸ் காலஹன் சொன்னதாக இன்றைக்கும் படித்தவர்கள்கூடச் சொல்வார்கள். அவர் சொல்லவே இல்லை. 1979 ஜனவரி, ஊரெல்லாம் வேலைநிறுத்தம், மனிதர் குவாடலூப் தீவில் உச்சிமாநாடு முடித்து வெயில் பட்ட முகத்தோடு விமானம் விட்டு இறங்குகிறார். நிருபர் கேட்டதற்கு, நாட்டில் குழப்பம் பெருகிவருவதாக வெளியில் இருந்து பார்க்கிற மற்றவர்கள் நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை என்கிற மாதிரி நீட்டி முழக்கிப் பதில் சொன்னார். மறுநாள் சன் அதை மூன்று வார்த்தையாக்கி அவர் வாயில் திணித்தது. நாலு மாதத்தில் ஆட்சி போனது. நாற்பது வருடம் கழித்தும் அந்த மூன்று வார்த்தைதான் காலஹன். சொல்லாத வார்த்தையை ஒருவர் கல்லறை மேல் எழுதிவைப்பது வெறும் காற்றுச்சேவல் செய்கிற வேலையா?

லேபர் தலைவர் மைக்கேல் ஃபுட்டின் கோட்டு கதையும் அப்படித்தான். 1981-ல் போர்வீரர் நினைவு நாளன்று ரோடு போடுகிறவன் மாதிரி, கூலிவேலைக்காரர்கள் போடுகிற 'டாங்கி ஜாக்கெட்' போட்டு வந்தார் என்று கிழித்தார்கள். உண்மையில் அது டாங்கி ஜாக்கெட்டே இல்லை, பச்சை நிறத்தில் ஒரு அரைக் கோட்டு. ராஜமாதா, இந்தக் குளிருக்கு நல்ல கோட்டு என்று தன்னிடம் பாராட்டினார் என ஃபுட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மான்செஸ்டரில் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கோட்டு இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். எங்கள் அப்பா குளிர்காலத்தில் போட்டதைவிட நல்ல கோட்டு.

சும்மா_இரு, காலை 10.52

கண்ணாடிக்கு முன்னால் நின்று கோட்டைப் பார்த்துக் கண்கலங்கிய ஒரே தமிழர் நீங்களாகத்தான் இருக்கும் ஐயா.

வரதன்_கென்ட், பகல் 12.30

நான் டோரிக்கு வாக்குப் போடுகிறவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கல்லெறிகிறவர்கள் எறியலாம்.

இந்த இழையில் அடிபடுகிறவர்கள் எல்லாம் லேபர் தலைவர்கள், அடிக்கிறவர்கள் எல்லாம் வலதுசாரிப் பேப்பர்கள். மறுபக்கம் என்ன பூஜையா நடந்தது? 1951-ல் மிரர், வாக்களிப்பு நாளன்று துப்பாக்கிப் படம் போட்டு, விசையில் யார் விரல் இருக்கவேண்டும் என்று கேட்டது. சர்ச்சில் போர்வெறியர் என்று அர்த்தம். அவர் வழக்குப் போட்டு மன்னிப்பு வாங்கினார். கார்டியனில் ஸ்டீவ் பெல் வருடக்கணக்கில் டோரி பிரதமர் ஜான் மேஜரைக் கால்சட்டைக்கு மேல் ஜட்டி போட்ட ஆளாக வரைந்தார், மேஜர் என்றதும் பலருக்கு அந்த ஜட்டிதான் ஞாபகம் வருகிறது. 2010 தேர்தல் நாளில் மிரர் கேமரூனின் ஆக்ஸ்போர்டு புலிங்டன் கிளப் (பணக்கார மாணவர் சங்கம்) படத்தைப் போட்டு, இவரா பிரதமர் என்று கேட்டது. 2022-ல் டோரி பிரதமரான லிஸ் ட்ரஸ்? டெய்லி ஸ்டார் ஒரு லெட்டூஸுக்கு விக் வைத்துக் கண் ஒட்டி, ட்ரஸ் முதலில் போவாரா லெட்டூஸ் முதலில் வாடுமா என்று கேமரா வைத்து ஒளிபரப்பியது. ஆறாவது நாள் அவர் ராஜினாமா, லெட்டூஸுக்கு வெற்றி.

அப்போதெல்லாம் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், அது வேறு. ஆனால் சிரிப்பு வருகிறபோது நையாண்டி, வலிக்கிறபோது பக்கச்சார்பு என்று இரண்டு தராசு வைக்கக்கூடாது.

பழையபேப்பர், பகல் 1.05

வரதன், லெட்டூஸ் விஷயத்தில் உங்களோடு பாதி வருகிறேன். ஆனால் அதே ட்ரஸின் நிதியமைச்சர் 2022 செப்டம்பர் 23-ல் மினி பட்ஜெட் போட்ட மறுநாள் மெயில் என்ன தலைப்பு வைத்தது? 'கடைசியில் வந்தது, உண்மையான டோரி பட்ஜெட்' என்று. ஐந்து நாளில் ஓய்வூதிய நிதிகள் கவிழாமல் இருக்க பேங்க் ஆஃப் இங்கிலாந்து கடன்பத்திரங்களை வாங்க இறங்கவேண்டியிருந்தது. எனக்கு அந்த மாதம் வீட்டுக்கடன் வட்டி புதுப்பிக்கவேண்டிய மாதம், அதனால் இந்தத் தேதிகள் எல்லாம் மனப்பாடம். லெட்டூஸ் ஒருவரைக் கேலிதான் செய்தது. மெயிலின் தலைப்பை நம்பியவனுக்குக் காசு போனது.

மெர்சிக்கரை (லிவர்பூல்), மாலை 4.20

இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் இத்தனை பதிவா.

எங்கள் ஊரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே பல கடைகளில் சன் கிடையாது. வந்த புதிதில் எனக்குத் தெரியாமல் ஒரு கடையில் கேட்டுவிட்டேன். கடைக்காரப் பாட்டி திட்டவில்லை, 'நீ வெளியூர் போல, கண்ணு, இங்கே அதை விற்பதில்லை' என்றார், அவ்வளவுதான், ஆனால் எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் எங்கள் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் செத்தார்கள். நாலு நாளில் சன், செத்தவர்கள் பையில் ரசிகர்கள் திருடினார்கள் என்று 'த ட்ரூத்' தலைப்பில் போட்டது. எல்லாம் பொய். அன்று தொடங்கிய புறக்கணிப்பு இன்றும் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேப்பரால் ஒன்றும் நடக்காது என்கிறார் சேலத்து அண்ணா. பேப்பர் இல்லாமல்போன ஊர் எப்படி மாறியது என்று பார்க்க எங்கள் ஊர்தான் சோதனைக்கூடம். ஃபூஸ், பிஷோஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள், 2022-ல் வந்தது. சன் படிப்பது நின்ற மெர்சிசைடில், மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், ஐரோப்பிய எதிர்ப்பு குறைந்திருந்தது என்பது முடிவு. தலைவர் பற்றிய ஆய்வு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினம் ஒரு சொட்டு விழுந்தால் கல்லும் குழியும் என்பதற்கு இது போதாதா?

சேலத்துக்காரன், மாலை 5.45

மெர்சிக்கரை சொன்னதைப் படித்தேன், பதிலில்லை. 1997-ல் சன் உட்படச் சில பேப்பர்கள் லேபர் பக்கம் மாறியபோதும் அந்தப் பேப்பர்களைத் தொடர்ந்து படித்தவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேர் வரை வாக்கு நகர்ந்திருக்கலாம் என்று லாட், லென்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு எதிரான ஆதாரத்தை நானே தருகிறேன் பாருங்கள், என் நல்ல மனசு.

ஆனால் பழையபேப்பர் ஐயா சினோவியேவ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த 1924 தேர்தலில் லேபருக்கு இடம் குறைந்தது, ஆனால் வாக்கு முந்தைய தேர்தலைவிட ஏறத்தாழ பத்து லட்சம் கூடியது. நொறுங்கியது லிபரல் கட்சி. கடிதம் கவிழ்த்தது என்று நூறு வருடமாகச் சொல்வதும் ஒரு தலைப்புச் செய்திதான்.

1992-ம் அப்படியே. வாக்களிப்பு நாளன்று சன், லேபர் தலைவர் நீல் கின்னக்கின் தலையை மின்பல்புக்குள் வைத்து, இவர் ஜெயித்தால் கடைசியாக நாட்டைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று போட்டது. இரண்டு நாள் கழித்து 'இட்ஸ் த சன் வாட் வன் இட்', ஜெயிக்கவைத்தது நாங்கள்தான் என்று மார்தட்டல். அதை மறுத்தவர் யார் தெரியுமா, சன் முதலாளி முர்டோக். 2012-ல் பத்திரிகைகளின் நடத்தை பற்றிய லெவசன் விசாரணையில், அது ரசக்குறைவான, தவறான தலைப்பு, ஆசிரியர் கெல்வின் மெக்கென்சியை அதற்காகத் திட்டினேன் என்றார்.

பழையபேப்பர், மாலை 6.10

முர்டோக் சொன்னதை ஆதாரமாக வைக்கிறீர்களா? நல்ல ஆள் கிடைத்தார். அதே விசாரணையில் அவர், எந்தப் பிரதமரிடமும் எதையும் கேட்டதில்லை என்றும் சொன்னார். ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து ஜான் மேஜர் வந்து உட்கார்ந்து, 1997 பிப்ரவரியில் ஒரு இரவு விருந்தில், ஐரோப்பியக் கொள்கையை மாற்றாவிட்டால் என் பேப்பர்கள் உங்களை ஆதரிக்க முடியாது என்று முர்டோக் தன்னிடம் சொன்னதாகச் சத்தியம் செய்து சொன்னார். மேஜர் மாற்றவில்லை. மறுமாதம் சன் பிளேர் பக்கம். பிளேர் அதற்கு இரண்டு வருடம் முன்பே ஆஸ்திரேலியாவில் ஹேமன் தீவுக்குப் பறந்து முர்டோக் கம்பெனிக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்திருந்தார். பேப்பருக்குப் பலமே இல்லை என்றால் எதிர்க்கட்சித் தலைவர் உலகத்தின் அந்த மூலை வரை எதற்குப் போகிறார், மீன் பார்க்கவா?

வாசகன் மாறுகிறானா இல்லையா என்பதை விடுங்கள். தலைவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நிலா_கோவென்ட்ரி, இரவு 7.30

இத்தனை நேரம் ஆண்கள் ஆண்களைப் பற்றிப் பேசியாகிவிட்டது, கொஞ்சம் நகருங்கள்.

2017 மார்ச் 27. பிரதமர் தெரசா மே, நிக்கோலா ஸ்டர்ஜன் இரண்டு பேரும் கிளாஸ்கோவில் சந்தித்தார்கள். இரண்டு நாளில் பிரெக்ஸிட் அறிவிப்புக் கடிதம் கொடுக்கப்போகிறார்கள், ஸ்காட்லாந்து தனியாகப் போகுமா என்ற கேள்வி கழுத்தில் நிற்கிறது. மறுநாள் மெயிலின் முதல் பக்கம்: இரண்டு பேரும் பாவாடையில் உட்கார்ந்திருக்கிற படம், 'நெவர் மைண்ட் பிரெக்ஸிட், ஹூ வன் லெக்ஸ்-இட்', அதாவது யார் கால் அழகு. இரண்டு அரசின் தலைவர்கள்! ஒருவர் மெயில் விரும்புகிற ஆள், ஒருவர் விரும்பாத ஆள், இருவருக்கும் ஒரே மரியாதை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பக்கச்சார்பே கிடையாது.

2022-ல் லேபர் துணைத்தலைவி ஏஞ்சலா ரேனர் நாடாளுமன்றத்தில் கால்மேல் கால் போட்டு அப்போதைய பிரதமர் ஜான்சனின் கவனத்தைத் திருப்புகிறார் என்று மெயில் ஆன் சண்டே எழுதியது, பெயர் சொல்லாத ஒரு எம்.பி. சொன்னாராம். ரேனர் அதை மறுத்தார், ஜான்சனே கண்டித்தார். நான் அந்த வாரம் ஆபீஸில் ஸ்கர்ட் போட்டுப் போய் மீட்டிங்கில் உட்காரும்போது ஒரு கணம் யோசித்தேன். எனக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் யோசித்தேன்.

சும்மா_இரு, இரவு 7.41

கேமரூன் கால் பற்றி யாரும் எழுதாதது எங்களுக்கும் அவமானம்தான்.

சேலத்துக்காரன், இரவு 8.20

சரி, 2015-ல் லேபர் தலைவரான கோர்பினை யாரும் தொடவில்லை, நானே தொடுகிறேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வு ஒன்று, 2016-ல் வந்தது. அவர் தலைவரான சமயத்தில் இரண்டு மாதம், எட்டுப் பேப்பர், 812 கட்டுரை. அவர் கருத்தைத் திரிக்காமல் அப்படியே கொடுத்தவை 11 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவற்றில் அவர் கருத்தே இல்லை. ஒருவரைப் பற்றி இவ்வளவு எழுதி, அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிடுவது ஒரு கலை.

ஆனால் 2017-ல் வாக்களிப்பு நாளன்று சன் அவரைக் குப்பைத்தொட்டியில் போட்டுப் படம் வெளியிட்டது, மெயில் முதல் நாள் பதின்மூன்று பக்கம் திட்டியது. லேபருக்கு 40 சதவீதம் வாக்கு, முப்பது இடம் கூடுதல், மேயின் பெரும்பான்மை போச்சு. 2019-ல் அதே பேப்பர்கள், அதே திட்டு, இந்த முறை 202 இடம்தான், 1935-க்குப் பிறகு மிக மோசம். திட்டு மாறவில்லை, முடிவு மாறியது. இதற்கு ஐயா பதில் சொல்லட்டும்.

வரதன்_கென்ட், இரவு 8.55

நடுவில் ஒன்று. கோர்பின் மேல் எழுதியது எல்லாம் அவதூறு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். கட்சிக்குள் யூத எதிர்ப்பு விவகாரத்தில் லேபர் சட்டத்தை மீறியது என்று சமத்துவ, மனித உரிமை ஆணையமே 2020-ல் அறிக்கை கொடுத்தது. அதைப் பேப்பர் எழுதத்தான் வேண்டும். அவர் செக் நாட்டு உளவாளி என்ற கதை குப்பை, அதை ட்விட்டரில் ஊதிப் பெரிதாக்கிய எங்கள் கட்சி எம்.பி. மன்னிப்புக் கேட்டு, தர்மத்துக்குப் பணம் கட்டினார். குப்பையையும் கேள்வியையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் கேள்விதான் தப்பித்துப் போகும்.

இன்னொன்று, டெலிவிஷன், ரேடியோவைக் கண்காணிக்க ஆஃப்காம் இருக்கிறது, நடுநிலை கட்டாயம். பேப்பருக்கு அது சட்டமே இல்லை. பேப்பர்களுக்கான கண்காணிப்பு அமைப்பான இப்ஸோவின் விதி என்ன சொல்கிறது? பக்கம் சாயலாம், பிரசாரம் செய்யலாம், ஆனால் கருத்து எது, ஊகம் எது, உண்மை எது என்று பிரித்துக் காட்டவேண்டும். சாய்வது தப்பில்லை. பிரிக்காததுதான் தப்பு.

பழையபேப்பர், இரவு 9.15

விதி சரி. பிரிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது, அது படம். கோர்பினுக்கு முந்தைய லேபர் தலைவர் எட் மிலிபாண்ட் பன்றி இறைச்சி சாண்ட்விச் கடித்த படத்தில் பொய் எங்கே இருக்கிறது? கடித்தார், உண்மை. 2014 மே மாதம் நியூ கோவென்ட் கார்டன் பூச்சந்தையில் விடிகாலையில் எடுத்தது. ஒரு வருடம் கழித்தும் விடாமல், 2015 வாக்களிப்புக்கு முதல் நாள் சன் முழுப் பக்கத்தில் போட்டது, சாண்ட்விச்சை இப்படி நாசமாக்கியவர் நாட்டை என்ன செய்வார் என்று. அதற்கு முந்தின மாதம் கேமரூன் ஹாட் டாக்கை முள்கரண்டியும் கத்தியும் வைத்து அறுத்துச் சாப்பிட்ட படமும் வந்தது. இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டார்கள். யார் சாப்பிட்டதை எத்தனை நாள் காட்டுவது என்பதற்கு எந்த விதியில் இடம்?

2019 பற்றிச் சேலத்தார் கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. பிரெக்ஸிட் எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட தேர்தல் அது.

கடைக்கார_அண்ணை, இரவு 11.10

கடை பூட்டிவிட்டு வந்தேன். கனபேர் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம்.

அந்த சாண்ட்விச் பேப்பர் வந்த காலையை நான் மறக்கமாட்டேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், தினம் ஆறரைக்குச் சன் வாங்குவார், குதிரைப் பந்தயப் பக்கத்துக்காக. ஆயுளுக்கும் லேபர் வாக்கு. முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'நானும் இப்படித்தான் தின்பேன், நல்லவேளை யாரும் படம் எடுக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகத் திருப்பி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அவரைச் சன் மாற்றவில்லை. ஆனால் அன்று முழுக்க, பேப்பர் வாங்காமல் பால் வாங்க வந்தவர்களும் அந்தப் படத்தைத்தான் கதைத்தார்கள்.

இப்போது கட்டு மெலிந்துவிட்டது. அந்தக் காலத்தில் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும், இப்போது ஒரு கையில் வருகிறது. ஆனால் ஐந்தரைக்குக் கடையில் ரேடியோவைப் போட்டால், இன்றைய பேப்பர்கள் என்ன சொல்கின்றன என்று அதே முதல் பக்கங்களைத்தான் வாசிக்கிறார்கள். நான் விற்காத பேப்பரை ஆஃப்காம் நடுநிலைக்காரர்கள் ஊருக்கே வாசித்துக் காட்டுகிறார்கள். வரதன் தம்பி, இதற்கும் ஒரு விதி தேடிச் சொல்லுங்கள்.

மெர்சிக்கரை, இரவு 11.25

அண்ணா, அந்த இரண்டு சன் பேப்பரையும், ஹாரோவில் வந்ததையும் கிளாஸ்கோவில் வந்ததையும், எடுத்து வைத்திருக்கிறீர்களா? பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்களேன்.

கடைக்கார_அண்ணை, இரவு 11.32

எங்கே தங்கச்சி. விற்காததை மறுநாள் எண்ணித் திருப்பி அனுப்பினால்தான் எங்களுக்குக் காசு வரும். ஒன்று குறைந்தாலும் அது என் கணக்கில்தான் விழும். மச்சான் மட்டும் ஸ்டர்ஜன் படத்தைக் கொஞ்ச நாள் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தான், அதற்குக் காசு கட்டினானா என்று கேட்டால் சிரிக்கிறான்.